முப்பத்தோராம் நாள் கணக்கு

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என்னைத் தேடுகிறவர்கள் ட்வெய்ட்டாவில் என் வீட்டு மணியை அடித்துப் பிரயோசனமில்லை. இரண்டு வருடமாக அந்த நேரத்தில் நான் அதே நோர்வே நகரத்தின் இன்னொரு மூலையில், குரோருட்டில் ஒரு டைனரில், ஜன்னலோரமாகத் தனியே உட்கார்ந்திருப்பேன். டைனர் என்றால் அமெரிக்காவின் பழைய பாணிச் சாப்பாட்டுக் கடை. சிவப்பு ரெக்சின் இருக்கைகள், கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் போட்ட தரை, மேசை விளிம்பில் பளபளக்கும் உலோகப் பட்டி, மூலையில் நிறம் மாறி மாறி ஒளிரும் ஒரு பாட்டுப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பாட்டு இல்லை. பாட்டு கூரையிலிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும். பெட்டி சும்மா ஒளிரும்.

நான் போனது சாப்பிட அல்ல, ஜன்னலுக்காக. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியில் இடமிருந்து இரண்டாவது பல்கனி என் தம்பியுடையது. அந்த வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. மிதிக்க முடியாதபடி ஒரு சொல்லை நானே என் வாயால் சொல்லியிருந்தேன்.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா செத்துப்போன இலையுதிர் காலத்தில், சுடுகாட்டு மண்டபத்தில், தம்பி தலையை மழிக்க மாட்டேன் என்றான். கொள்ளி வைக்கிறவன் மழிக்க வேண்டும். அதுதான் முறை. ஐயர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இங்கே இருக்கிற திருகோணமலைச் சனம் முழுக்க நிற்கிறது, இவன் மெல்லிய குரலில் சொல்கிறான்: "அக்கா, அம்மா ஒருநாளும் என்னட்டை இதைக் கேக்கேல்லை." எனக்கு முன்கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மாவே சொல்லுவா. அன்றைக்கு அது மூக்கோடு நிற்கவில்லை. "எனக்குத் தம்பியெண்டு ஒருத்தன் இல்லை. இண்டையோடை சரி!" என்று மண்டபம் அதிரக் கத்தினேன். அவனுடைய நோர்வேஜிய மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விளங்கியிருக்கும்.

அன்று மாலையே கைப்பேசியில் அவன் அழைப்பு வராதபடி இலக்கத்தை அடைத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவனை நான் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. வராததற்கும் சேர்த்து அவன்மேல் கோபப்பட்டேன். கூப்பிடாமல் எப்படி வருவான் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. நான் கலியாணம் கட்டாதவள். எட்டு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். அப்போது தம்பி அம்மாவின் இடுப்பில் இருந்தான். அம்மா இரண்டு வேலைக்குப் போன காலத்தில் அவனுக்குச் சோறு தீத்தியது, பனிச்சப்பாத்து மாட்டியது, பெற்றோர் கூட்டத்துக்குப் போய் ஆசிரியையிடம் பேச்சு வாங்கியது எல்லாம் நான்தான். இப்படி வளர்த்த ஒருத்திக்குத்தான் அப்படியொரு சொல்லும் வரும் என்று நினைக்கிறேன்.

அடுத்த வசந்தத்தில் அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தபால்பெட்டிக்குள் திணித்துவிட்டு வருவோம் என்று குரோருட்டுக்குப் போனேன். வாசலில் அவன் பெயரும் அவள் பெயரும் ஒட்டியிருந்த அழைப்புமணிப் பொத்தானைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க எதிரே இருந்தது அந்த டைனர்தான். உள்ளே போய் ஜன்னலோரம் இருந்து ஒரு கோப்பி கேட்டேன். ஈரக் கண்ணாடிக்கு அப்பால், மூன்றாம் மாடியில், தம்பி பல்கனிக் கதவைத் திறந்து மழைக்குக் கையை நீட்டினான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், மழையைத் தொட்டுப் பார்க்காமல் வெளியே போகமாட்டான். சான்றிதழ்ப் பை என்னோடேயே திரும்பி வந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டிய நோர்வேஜியர். நரைத்த முடிக்கு எண்ணெய் வைத்து, முன்பக்கம் உயர்த்தி வாரியிருப்பார். வெள்ளைக் காகிதத் தொப்பி வைத்தால் அந்த வாரல் கலைந்துவிடும் என்று தொப்பியைக் காதுக்கு மேலே சரித்து வைப்பார். முதல் மாதம் என்னிடம் "என்ன வேண்டும்?" என்றார். இரண்டாவது மாதம் "வழக்கமானதா?" என்றார். மூன்றாவது மாதம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கோட்டைக் கழற்றும்போதே சட்டியில் பான்கேக் மா விழும் சத்தம் கேட்கும். ஒரு கடையில் வாடிக்கைக்காரியாவது இவ்வளவு சுகமான விஷயம் என்று எனக்கு முன்பு தெரியாது. கேள்வியில்லை, பதிலில்லை. பல் வைத்தியரின் உதவியாளராகக் கிழமை முழுக்க "வாயைத் திறவுங்கள், வாயை மூடுங்கள்" என்று சொல்லிக் களைத்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

பான்கேக் எனக்குப் பிடிக்காது, உண்மையைச் சொன்னால். இனிப்பு. அதற்குமேல் பாகு வேறு. முட்டைப் பொரியலும் உருளைக்கிழங்கும் கேட்டு, கைப்பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மிளகாய்த்தூளைத் தூவித்தான் கடைசியில் ஒரு வழிக்கு வந்தேன். பான்கேக்கை மட்டும் விடவில்லை, அதைச் சாப்பிட நேரம் எடுக்கும், நேரம்தான் எனக்குத் தேவை. கடைக்காரர் என் மிளகாய்த்தூள் போத்தலை ஒருநாள் கையில் எடுத்து மணந்து பார்த்துத் தும்மினார். அதன்பிறகு அந்த மேசையில் அவராகவே ஒரு சிவப்புக் காரச் சோஸ் போத்தல் கொண்டுவந்து வைத்தார். உறைப்பே இல்லாத சோஸ். மனிதர் பாவம், பாசத்தோடு வைத்தாரே என்று அதையும் ஊற்றிக்கொள்வேன்.

அந்தக் கடைக்குள் போனால் எனக்கு ஒருவித மயக்கம் வரும். பாதி நித்திரையில் இருப்பதுபோல இருக்கும். கோடையில் பெரிய வால் வைத்த பழைய அமெரிக்கக் கார்களை ஓட்டிக்கொண்டு வயதான ஆட்கள் வருவார்கள், வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு ஐஸ்கிரீம் மிதக்கும் சோடாவைக் குடிப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் காலத்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் இல்லை. கடைக்காரரும் இல்லை. எல்லோரும் சேர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பழைய காலத்தை குரோருட்டில் கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. என் சொந்தப் பழசை நினைத்தால் அழுகை வரும். இந்தப் பழசில் எனக்கு அழ ஒன்றுமில்லை. விளங்காத காதல் பாட்டுக் கேட்டுக்கொண்டு, ரோசா நிற விளக்குக்குக் கீழே, கோப்பையிலிருந்து எழும் ஆவிக்கு ஊடாக மூன்றாம் மாடியைப் பார்த்தபடி இருப்பேன். குளிர்காலத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைப்பேன். அந்த வட்டத்துக்குள் தம்பியின் வீடு மிதக்கும்.

என்னென்ன பார்த்தேன்! அவன் சைக்கிளைக் கழுவினான். ஒரு தக்காளிச் செடி வைத்தான், அது காய்க்காமல் செத்தது. அவன் மனைவி கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உடுப்புக் காயப்போடுவது அவன்தான். சட்டைகளைக் கை நீட்டிப் பிடித்து உதறி, தோள்பட்டையில் கவ்வி மாட்டாமல் கீழ் விளிம்பில் மாட்டுவான். அது நான் சொல்லிக் கொடுத்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

போன வருடம் இலைகள் மஞ்சளாகும் நேரத்தில் அவள் வயிறு தெரிந்தது. கோப்பி எனக்குப் புரைக்கேறிவிட்டது. வீட்டுக்குப் போய் விரல்விட்டு எண்ணினேன், மாசி மாதத்தில் பிள்ளை என்று முடிவு செய்தேன். பிறகு மார்கழி வந்தது, பல்கனி இருண்டது. திரைச்சீலை மூடியபடி. எல்லா வீட்டு ஜன்னலிலும் நத்தார்ப் பண்டிகைக்கு நட்சத்திர விளக்கு எரிகிறது, அந்த வீட்டில் மட்டும் இல்லை. ஒரு சனி, இரண்டு சனி, ஏழு, எட்டுச் சனி. வெயில் நாட்டுக்கு விடுமுறை போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளைத்தாய்ச்சியையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறான் மடையன் என்று வயிறெரிந்து திட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு சனியும் போய் அந்த இருட்டுக் கண்ணாடியையே பார்த்தபடி பான்கேக்கை முடித்தேன்.

மாசி முதல் சனிக்கிழமை திரை திறந்திருந்தது. காயப்போடும் கம்பியில் உள்ளங்கை அளவு உடுப்புகள். தம்பி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி, முழங்காலை மடக்கி மடக்கி ஆட்டிக்கொண்டு நின்றான்.

நான் அழுதேன். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகவே அழுதேன். கடைக்காரர் வந்து காகிதக் கைக்குட்டை வைத்த முழுப் பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, கோப்பியை நிரப்பிவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, சாமி விளக்கு ஏற்றக்கூடாது. கலியாணம் கட்டிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு அவ்வளவாக இல்லை. கட்டாமல் இருக்கிறவளுக்கு முழுதாக உண்டு. அப்படியென்றால் எனக்கு உண்டு. ஆனால், எனக்குத் தம்பியே இல்லை என்றால் ஏது துடக்கு? இந்தக் கேள்வியோடு அன்று பின்னேரம் சாமிப் படத்துக்கு முன்னால் தீப்பெட்டியும் கையுமாகக் கனநேரம் நின்றேன். பிறகு தீப்பெட்டியை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

கோயிலில் வெள்ளிக்கிழமை பூமாலை கட்டும் முறையில் நானும் ஒருத்தி. வியாழன் அன்று அந்த முறையைக் கவனிக்கும் அக்கா தொலைபேசி எடுத்தா.

"பிள்ளை, நாளைக்கு வருவாய்தானே?"

"இல்லையக்கா. துடக்கு."

"ஐயோ, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. பிள்ளை பிறந்திருக்கு."

"ஆருக்கடி?"

"தம்பிக்கு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அக்காவும் அன்றைக்குச் சுடுகாட்டு மண்டபத்தில் நின்றவதான். "நல்லதடி. பெடியனோ, பெட்டையோ?" என்றா.

"தெரியாது."

முப்பத்தொன்று கழிய வா என்று சொல்லிவிட்டு அவ தொலைபேசியை வைத்தா.

இனிக் கணக்கு. முந்தின சனி திரை மூடியிருந்தது, இந்தச் சனி பிள்ளை வீட்டில். இந்த நாட்டில் இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே வியாழன் பிறந்தது என்று வைத்தேன். வியாழன் முதல் எண்ணினால் முப்பத்தொன்று ஒரு சனிக்கிழமையில் வந்தது. அந்த நாளில்தான் துடக்குக் கழிவு. எங்கள் வீட்டில் அன்று பிள்ளைக்கு முதல் மை வைப்பதும், அரைஞாண் கட்டுவதும், காதில் பெயர் சொல்வதும் தகப்பனின் சகோதரி. அதாவது மாமி. அதாவது நான். தம்பிக்கு வேறு சகோதரி கிடையாது. அந்த நாள் போனால் போனதுதான், இன்னொரு முப்பத்தொன்று அந்தப் பிள்ளைக்கு வராது. என் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு விரும்பியதாக நினைவில்லை. அழைப்பில்லாத வீட்டுக்கு, தம்பி இல்லை என்று சொன்ன வாயோடு, எப்படிப் போவது? அதுவும் தெரியவில்லை.

வெள்ளியில் ஒரு அரைஞாண் வாங்கினேன். கண்மைச் சிமிழ் ஒன்று வாங்கினேன். அந்தச் சனிக்கிழமை நேரத்தோடு எழும்பித் தலைக்குத் தோய்ந்து, பட்டுச் சேலை உடுத்து, அதற்குமேல் குளிர்கோட்டும் கீழே பனிச்சப்பாத்துமாக ரயில் ஏறினேன். நேரே அவன் வாசலுக்குப் போவது, மணியை அடிப்பது, நடப்பது நடக்கட்டும். அப்படித்தான் வெளிக்கிட்டேன். குரோருட்டில் இறங்கி நடந்தேன். கால்கள் பழகிய பக்கம் திரும்பின. பத்து ஐம்பத்தைந்துக்கு டைனரில் என் இருக்கையில் இருந்தேன்.

கோட்டைக் கழற்றியதும் கடைக்காரர் பட்டுச் சேலையைப் பார்த்துத் தொப்பியை நேராக்கினார். "இன்று பெரிய நாளா?" என்றார். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது.

"தெரியவில்லை" என்றேன்.

ஒரு கோப்பி. இரண்டு கோப்பி. பல்கனியில் யாருமில்லை. மூன்றாவது கோப்பியோடு எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. சனம் நிறைந்த மண்டபத்தில் கத்தத் தெரிந்தவளுக்கு ஒரு தெருவைக் கடக்கத் தெரியவில்லை. சீ!

அப்போது எதிரே வாசல் திறந்தது. தம்பியின் மனைவி வந்தாள், பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு. தெருவைக் கடந்தாள். நேரே டைனரை நோக்கி வந்தாள். நான் குனிந்து பான்கேக்கை வெட்டுகிறேன், வெட்டுகிறேன், துண்டு துண்டாக. வண்டிலை என் ஜன்னலுக்கு நேர் கீழே, கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தினாள். தடையை மிதித்தாள். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உயர்ந்த ஸ்டூலில் ஏறி இருந்து, கடைக்காரரிடம் கோப்பி கேட்டாள்.

இந்த நாட்டில் பிள்ளைகளை வெளியில் குளிரில்தான் தூங்கவிடுவார்கள். முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்குப் பழகவில்லை. அதுவும் இந்தப் பிள்ளை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முழங்கை, அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் கம்பளித் தொப்பி. அவள் திரும்பவே இல்லை. வேண்டுமென்று நிறுத்தினாளா, இடம் பார்த்து நிறுத்தினாளா?

எழுந்தேன். கோட்டும் போடாமல் சேலையோடு வெளியே போனேன்.

தூங்கும் பிள்ளையை உற்றுப் பார்க்கக்கூடாது என்பார்கள், கண்ணூறு படும். நான் பார்த்தேன். எவ்வளவு சின்ன முகம்! ஒரு மாதத்துப் பிள்ளை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன். தம்பியின் நெற்றி. அவளுடைய வெளிர் புருவம். மேலுதட்டில் பால் காய்ந்திருந்தது. மார்ச் மாத வெயில் பனிச் சேற்றில் பட்டு அதன் கன்னத்தில் ஆடியது. தெருவில் பேருந்து போனது, ஆட்கள் போனார்கள், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. குளிரவும் இல்லை. கைப்பையைத் திறந்து, மைச் சிமிழைத் திறந்து, மோதிரவிரலால் தொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. பிள்ளை உதட்டைச் சப்பிக்கொண்டு திரும்பவும் தூங்கியது.

நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் நின்றாள். என் விரல் கறுப்பு. பிள்ளையின் கன்னம் கறுப்பு. ஊரார் பிள்ளையைத் தொட்டுப் பிடிபட்ட கள்ளியைப் போல நின்றேன்.

"இன்று முப்பத்தோராம் நாள்" என்று நோர்வேஜிய மொழியில் உளறினேன். "எங்கள் வழக்கம். மன்னித்துக்கொள்."

அவள் பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "முப்பத்தொன்றா?" என்றாள். "அவனுக்கு இன்று பதின்மூன்று கிழமை. மூன்று மாதம்."

அவள் சொன்னாள். பிள்ளை மார்கழி தொடங்கவே பிறந்துவிட்டது, இரண்டு மாதம் முந்தி. ஒரு கிலோ எழுநூறு கிராம். எட்டுக் கிழமை ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். இருவரும் அங்கேயே கிடந்தார்கள், வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போவதுதான். நான் வெயில் நாடு என்று திட்டிய அந்த எட்டுச் சனியும்.

"உங்கள் இலக்கத்துக்கு எத்தனையோ தரம் எடுத்தான்" என்றாள். "மணி அடிக்கவே இல்லை."

வண்டில் பிடியைப் பிடித்துக்கொண்டேன். அதை அடைத்தது நான் என்று சொல்ல நினைத்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

"நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியுமா?"

"முதல் மாதத்திலிருந்து." அவள் மூன்றாம் மாடியைக் காட்டவில்லை, ஆனாலும் நான் பார்த்தேன். தம்பி பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எத்தனையோ சனிக்கிழமை, போய்க் கூட்டிக்கொண்டு வா என்றேன். மாட்டான். கிட்டப் போனால் அக்கா எழும்பிப் போய்விடுவா, பிறகு ஒருநாளும் வரமாட்டா, அங்கேயே இருக்கட்டும் என்பான். இன்று அவனிடம் கேட்காமல் வந்தேன்."

அவன் சொன்னது சரிதான். நான் எழும்பிப் போயிருப்பேன். அதை என் தம்பியைத் தவிர யாருக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

கடைக்காரர் கதவைப் பிடித்துக்கொள்ள, வண்டிலை உள்ளே கொண்டு போனோம். அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பட்டுக்கு மேலே ஒரு பாரமுமில்லை. அந்த நேரம் கடைக்கதவு திறந்தது. தம்பி வீட்டுச் செருப்போடு, பனிச் சேறு காலெல்லாம் தெறித்திருக்க, எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். மெலிந்திருந்தான். அவனைக் கிட்டத்தில் பார்த்து இரண்டரை வருடம்.

"அக்கா" என்றான்.

மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. "முப்பத்தொண்டு எப்பவடா முடிஞ்சது?"

"பொங்கலுக்கு முந்தியே முடிஞ்சிது. ஆஸ்பத்திரியிலை."

"ஆர் மை வைச்சது?"

"ஒருத்தரும் வைக்கேல்லை."

"அரைஞாண்?"

"இல்லை."

"பேர்?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: "பெயரைப் பதியச் சொல்லிக் கடிதம் வந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'குட்டிப் பையன்' என்றுதான் கூப்பிட்டார்கள்."

"பதின்மூண்டு கிழமையாய்ப் பிள்ளைக்குப் பேரில்லையோ? உனக்கென்ன விசரோடா?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"பேர் யோசிச்சு வைச்சிருக்கிறம்" என்றான். "சொல்லத்தான் ஆளில்லை. மாமி சொல்லாமல் எப்பிடியக்கா வைக்கிறது?"

அதற்குமேல் எனக்குக் கோபப்பட எதுவும் மிஞ்சவில்லை. "பிழை என்னிலைதான்டா" என்றேன். "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்." அவன் சிவப்பு இருக்கையில் என் பக்கத்தில் நெருக்கி இருந்தான். சின்ன வயதில் பேருந்தில் இருக்கிற மாதிரி, தோளோடு தோள் இடிக்க.

அரைஞாணை எடுத்தேன். அவள் பிள்ளையின் உடுப்பை விலக்கிப் பிடித்தாள். ஒரு மாதப் பிள்ளைக்கென்று வாங்கிய அரைஞாண் மூன்று மாதப் பிள்ளையின் இடுப்பில் தொளதொள என்று கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அந்த எட்டுக் கிழமை என்ன என்று எனக்கு விளங்கியது. கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் என் தம்பி நான் இல்லாமல் நின்ற எட்டுக் கிழமை.

தம்பி என் காதில் பெயரைச் சொன்னான். நான் குனிந்து, வெற்றிலையும் இல்லாமல், விளக்கும் இல்லாமல், கையால் மறைத்துப் பிள்ளையின் வலது காதில் அதைச் சொன்னேன். மூன்று தரம் சொல்ல வேண்டும். ஒன்று சொன்னேன். இரண்டு சொன்னேன். மூன்றாவதில் எனக்குக் குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. தம்பி என் தலையோடு தலை முட்டக் குனிந்து, அதைச் சொல்லி முடித்தான்.